மெடிக்கல் பில்லிங் செய்யும் தம்பி தங்கைகளுக்கு



சென்னையிலும் திருச்சியிலும் கோவையிலும் சேலத்திலும் இருந்துகொண்டு அமெரிக்க மருத்துவமனைகளின் பில்லை எழுதுகிறவர்கள் நீங்கள். கோடிங், சார்ஜ் என்ட்ரி, பேமென்ட் போஸ்டிங், ஏ.ஆர். காலிங் என்று உங்கள் வேலையில் பல பிரிவுகள். நர்சிங் படித்தவர், பிசியோதெரபி படித்தவர், பி.பார்ம் முடித்தவர், விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டு வேறு வேலை அமையாமல் வந்தவர் என்று எல்லோரும் இந்தத் துறையில் இருக்கிறீர்கள். உங்களில் பலர் வீட்டில் முதன்முதலாக ஆபீஸ் சம்பளம் வாங்கியவர்கள். நான் அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மகளும் மருமகனும் உங்கள் துறையில்தான் இருக்கிறார்கள். வீட்டில் டினையலையும் அப்பீலையும் பற்றிப் பேசக் கேட்டுக் கேட்டு எனக்கும் பாதிப் பாடம் ஆகிவிட்டது.

இந்த மடலை எழுதக் காரணம் ஒன்றுதான். மருத்துவச் செலவை யார் கொடுப்பது, எந்த வழியில் கொடுப்பது, அதற்கான கணினி முறை எப்படி இருப்பது என்பதெல்லாம் நம் நாட்டில் இப்போதுதான் முடிவாகிக்கொண்டிருக்கிறது. அதை முடிவு செய்யும் இடத்தில் அதிகாரிகள் இருக்கிறார்கள், டாக்டர்கள் இருக்கிறார்கள், காப்பீட்டு நிறுவனங்களும் மென்பொருள் கம்பெனிகளும் இருக்கின்றன. உலகத்திலேயே அதிகப் பணத்தை விழுங்கும் மருத்துவ பில் முறையை உள்ளே இருந்து தினமும் பார்க்கிற நீங்கள் மட்டும் அங்கே இல்லை. உங்களை யாரும் கூப்பிடவில்லை, நீங்களும் வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

அமெரிக்கக் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் இந்த மடலை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். 2023இல் அந்த நாடு மருத்துவத்துக்குச் செலவழித்தது 4.9 டிரில்லியன் டாலர். மொத்த உற்பத்தியில் 17.6 சதவீதம். ஆறு டாலர் வந்தால் ஒரு டாலருக்கு மேல் ஆஸ்பத்திரிப் பக்கம் போகிறது. இவ்வளவு கொடுத்தும் அங்கே கோடிக்கணக்கான பேர் ஆஸ்பத்திரிக் கடனில் இருக்கிறார்கள். கடன் விவர அறிக்கைகளில் ஏறியிருந்த மருத்துவக் கடன் மட்டுமே 2021இல் 88 பில்லியன் டாலர் என்று அவர்களுடைய நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு கணக்கிட்டது.

பணம் எங்கேதான் போகிறது? டேவிட் ஹிம்மல்ஸ்டீன், ஸ்டெஃபி வூல்ஹாண்ட்லர் என்ற இரண்டு டாக்டர்கள் பல ஆண்டுகளாக இந்தக் கணக்கைப் பார்த்துவருகிறார்கள். அவர்களும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2017ஆம் ஆண்டுச் செலவை எடுத்துப் பார்த்தபோது அதில் 34 சதவீதம் நிர்வாகத்துக்கே போயிருந்தது. பக்கத்து நாடான கனடாவில் 17 சதவீதம். கனடாவில் ஒவ்வொரு மாகாணத்திலும் டாக்டருக்கும் மருத்துவமனைக்கும் பணம் கொடுப்பது ஒரே அரசுத் திட்டம். பில் அனுப்ப ஓர் இடம், அதற்கு ஒரே விதி. அமெரிக்காவில் எத்தனையோ காப்பீட்டு நிறுவனங்கள், ஒவ்வொன்றிலும் பல திட்டங்கள், திட்டத்துக்குத் திட்டம் வேறு விதி. பில்லுக்குப் பணம் வாங்க மருத்துவமனை ஆள் வைக்கிறது. அந்த பில்லைச் சலித்து எடுக்க இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் வைக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் ஆள் எடுக்கிற இடம் நம் ஊர்.

உங்கள் வேலையில் ஒன்றை மட்டும் எடுத்து விரித்துச் சொல்கிறேன். ஓஹாயோவில் ஒரு பெண்ணுக்கு முதுகுவலி என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார், எடுத்தாகிவிட்டது. மருத்துவமனை கிளெய்மை அனுப்புகிறது. அது கிளியரிங் ஹவுஸ் வழியாக இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போய்ப் பதில் வருகிறது: சி.ஓ. 197. முன் அனுமதி இல்லை. உண்மையில் அனுமதி வாங்கியிருந்தார்கள். அந்த எண் டாக்டர் ஆபீஸ் ஃபைலில் எங்கோ இருக்கிறது, கிளெய்மில் அதற்கான கட்டத்தில் ஏறவில்லை. இங்கே இரவு ஷிப்டில் ஒரு ஏ.ஆர். காலர் கம்பெனிக்குப் போன் போடுகிறார். ஐ.வி.ஆர். ஒவ்வொரு எண்ணாக அழுத்தச் சொல்கிறது. பிறகு ஹோல்டு. நெடுநேரம் கழித்து ஒரு குரல் வந்து, அப்பீலை ஃபேக்ஸில் அனுப்பச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறது. அவர் நோட்ஸ் எழுதுகிறார், ஸ்டேட்டஸ் போடுகிறார், அடுத்த அக்கவுன்ட்டைத் திறக்கிறார். டார்கெட் இருக்கிறதே. எண்ணைத் தேடிப் பிடித்துத் திருத்திய கிளெய்ம் போவதற்குள் கெடு தாண்டிவிட்டால் அது சி.ஓ. 29 ஆகிறது. இதில் ஓஹாயோவில் ஒருவர், சென்னையில் ஒருவர், கம்பெனி பக்கம் இன்னொருவர் என்று எத்தனை பேர் சம்பளம் வாங்கினார்கள்! அந்தப் பெண்ணின் முதுகுவலிக்கு இதில் ஒரு காசு போகவில்லை.

எண்ணுக்கு முன்னால் நிற்கும் இரண்டு எழுத்தின் கனமும் உங்களுக்குத் தெரியும். சி.ஓ. என்று வந்தால் நஷ்டம் மருத்துவமனைக்கு. பி.ஆர். என்று வந்தால் அது நோயாளி தலையில் விழும். பி.ஆர். 1 என்று ஒரு வரியை நீங்கள் போஸ்ட் செய்து அடுத்ததுக்குப் போகும்போது அங்கே ஒரு குடும்பத்துக்கு ஆயிரக்கணக்கில் டிடக்டபிள் பில், அதாவது காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் தாங்களே கட்ட வேண்டிய பணத்துக்கான பில், போகிறது. இன்சூரன்ஸ் வைத்திருக்கிற குடும்பம் அது. காப்பீடு இருந்தால் கவலையில்லை என்று இங்கே மேடையில் பேசுகிறவர்கள் யாரும் பி.ஆர். 1 பார்த்தவர்கள் இல்லை. நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள்.

நீங்கள் புரட்டுகிற ஐ.சி.டி. என்ற அந்த நோய்க் குறியீட்டுப் பட்டியல் பணத்துக்காகப் பிறந்ததல்ல. 1893இல் ழாக் பெர்த்தியோன் என்ற பிரெஞ்சுப் புள்ளியியலாளர் மரணக் காரணங்களை எல்லா நாடும் ஒரே மாதிரி எண்ண வேண்டும் என்று தொகுத்த பட்டியலில் இருந்து வளர்ந்தது அது. எந்த ஊரில் காலரா, எந்த ஊரில் காசநோய் என்று தெரிந்தால்தானே அரசு எதையாவது செய்ய முடியும்? உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது பதிப்பில் ஏறக்குறைய 14,000 குறியீடுகள் இருக்கின்றன. அமெரிக்கா அதைத் தன் தேவைக்கு விரித்து 2015 அக்டோபர் 1 முதல் பயன்படுத்தும் பட்டியலில் அது 70,000 அளவுக்குப் போனது. இடது கையா வலது கையா, முதல் தடவை வந்ததா மறுபடி வந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு. ஆராய்ச்சிக்கு அது பயன்படும், மறுக்கவில்லை. ஆனால் குறியீடு விலையோடு சேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று உங்களைக் கேட்டால் சொல்வீர்கள். டாக்டரைப் பார்த்ததற்கான கட்டணக் குறியீட்டில் 99213 போடுவதா, அதற்கு மேல் லெவலான 99214 போடுவதா என்பதுதான் அங்கே கேள்வி. நோயாளிக்கு என்ன செய்தோம் என்று எழுத வேண்டிய டாக்டர், எதை எழுதினால் எந்த லெவல் நிற்கும் என்று பார்த்து எழுதப் பழகிவிட்டார்.

2009இல் அமெரிக்காவில் ஒபாமாவின் அரசு, மருத்துவமனைகளைக் கணினிமயமாக்கப் பெரிய பணம் ஒதுக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு பத்தில் ஒரு மருத்துவமனையில்கூட அடிப்படை மின்னணுப் பதிவேடு இல்லை. 2015க்குள் பத்தில் எட்டுக்கு மேல் வந்துவிட்டது. கணினி வந்தால் வீண்செலவு குறையும், டாக்டருக்கு நேரம் மிஞ்சும் என்றார்கள். ஆனால் 2016இல் வந்த ஓர் ஆய்வில், டாக்டர் நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணிக்கும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கணினியிலும் மேசை வேலையிலும் போகிறது என்று தெரிந்தது. அந்தத் திரைகளில் பல, பில் நிற்பதற்காக நிரப்பப்படுகிறவை.

கணினியைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். அதே அமெரிக்காவில், முன்னாள் படைவீரர்களுக்காக அரசே நடத்தும் வி.ஏ. மருத்துவமனைகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பணம் பெரும்பாலும் அரசு பட்ஜெட்டில் இருந்தே வருகிறது. அங்கே 1970களின் கடைசியில் டாக்டர்களும் மருந்தாளுநர்களும் புரோகிராமர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். பின்னாளில் அதற்கு விஸ்டா என்று பெயர் வந்தது. கான்சாஸ் மாநிலம் டொபீகாவில் இருந்த வி.ஏ. மருத்துவமனையில் சூ கின்னிக் என்ற நர்ஸ் வேலை பார்த்தார். வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் ஊழியர் கையில் ஒரு சிறு கருவியை வைத்துக்கொண்டு காரின் பார்கோடைப் படிப்பதைப் பார்த்தார். காருக்குச் செய்கிறதை மாத்திரைக்குச் செய்யக்கூடாதா என்று அவருக்குத் தோன்றியது. நோயாளியின் கைப்பட்டையில் ஒரு பார்கோடு, மருந்துறையில் ஒரு பார்கோடு. இரண்டையும் படித்துப் பார்த்து, சரியான ஆளுக்குச் சரியான மருந்து சரியான நேரத்தில்தான் போகிறதா என்று கணினி சொல்லும். டொபீகாவில் தொடங்கிய அந்த முறை பிறகு எல்லா வி.ஏ. மருத்துவமனைகளுக்கும் போனது. மருந்து மாறிப் போனால் என்ன நடக்கும் என்று வாழ்நாளெல்லாம் பயந்தவன் நான். அதனால் இந்த நர்ஸின் கதையை யாரிடமும் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

ஒரே நாடு, இரண்டு இடத்திலும் கணினி. ஒரு பக்கம் அது பில்லைக் காத்தது, இன்னொரு பக்கம் நோயாளியைக் காத்தது. பணம் எந்த வழியில் வருகிறதோ அந்த வழியைத்தான் கணினியும் காவல் காக்கும். நான் சொல்ல வந்தது இதுதான். இதற்கு நம் ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. நான் அதற்குள் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அரசு ஆஸ்பத்திரி மருந்தறை என்றால் அலமாரியைத் திறக்கவே மனம் வராது. பி காம்ப்ளெக்ஸ் ஆண்டுக்கணக்கில் குவிந்து கிடக்கும், ஆன்டிபயாடிக் இருக்காது. யாரோ எங்கோ வாங்கியது நமக்கு வந்து சேரும். என்ன வேண்டும் என்று நாம் எழுதிய தாள் எங்கே போனது என்று தெரியாது. ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டுகிறவரிடம், "இது மட்டும் வெளியில வாங்கிக்கோங்கம்மா" என்று சொல்வதுதான் பெரும்பாலும் என் வேலை. கூலிக்காரப் பெண் அந்தச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போவார். வாங்கினாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பதிவானது. 1995 ஜனவரியில் வேலையைத் தொடங்கியது. அதைக் கட்டி எழுப்பியதில் பூரணலிங்கம் ஐ.ஏ.எஸ். பெயரை எங்கள் ஆட்கள் இன்றும் மரியாதையோடு சொல்வார்கள். அத்தியாவசிய மருந்துப் பட்டியல் ஒன்று போட்டார்கள். பிராண்ட் பெயர் கிடையாது, மருந்தின் பெயர் மட்டுமே. மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர், இரண்டு உறை. முதல் உறையில் கம்பெனியின் தகுதி, அதில் தேறினால்தான் இரண்டாவது உறையில் இருக்கும் விலையைப் பிரிப்பார்கள். மருந்து மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். தேறிய பிறகே வெளியே விடுவார்கள். அட்டையிலேயே தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல என்று அச்சு இருக்கும்.

ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள். இந்த ஆண்டுக்கு உனக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று அதில் வரவு இருக்கும். நான் இன்டென்ட் எழுதி எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போவேன். எடுத்த மருந்துக்கு ஏற்ப பாஸ்புக்கில் கழித்து எழுதித் தருவார்கள். எது வேண்டும் எது வேண்டாம் என்று முடிவு செய்தது எங்கள் ஆஸ்பத்திரி. விலையை முடிவு செய்தது கழகம். கிடங்கில் கணினி இருந்தது. எந்தக் கிடங்கில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது, எது காலாவதியை நெருங்குகிறது என்று சென்னையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர் இடத்தில் மிஞ்சியதைத் தட்டுப்பாடு உள்ள இடத்துக்குத் திருப்பிவிட முடிந்தது. அந்தக் கணினி இன்றைய உங்கள் கைப்பேசியின் ஒரு மூலைக்குக்கூட ஈடாகாது. ஆனால் அதைக் கேட்ட கேள்வி சரியான கேள்வி: மருந்து இருக்கிறதா? ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு மாற்றம் சீக்கிரமே தெரிந்தது. வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வது குறைந்தது. பிறகு கேரளமும் ராஜஸ்தானும் இதே மாதிரிக் கழகங்களைத் தொடங்கின. என் பணிக்காலம் முழுவதும் நோயாளிக்கு நான் ஒரு பில்கூட எழுதியதில்லை. அதை ஒரு பாக்கியமாகவே நினைக்கிறேன்.

குறைகளே இல்லையா என்றால், உண்டு. தட்டுப்பாடு வந்த மாதங்கள் உண்டு, தரப் பரிசோதனையில் விழுந்த மருந்துகள் உண்டு. ஆனால் விழுந்தது என்று கண்டுபிடித்ததே அந்த முறைதான்.

இனி இன்றைய நிலைக்கு வருகிறேன். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் அதோடு சேர்ந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இதய அறுவை சிகிச்சை, காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி என்று ஏழைக் குடும்பங்கள் நினைத்தே பார்க்க முடியாதவற்றை இந்தத் திட்டம் செய்துகொடுத்திருக்கிறது. இதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் பணம் வருகிற வழி மாறிக்கொண்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பாஸ்புக்கில் முன்கூட்டியே வரவு வைக்கிற முறையோடு கூடவே, ஒவ்வொரு சிகிச்சைக்கும் பேக்கேஜ், முன் அனுமதி, ஆவணம், போட்டோ, கிளெய்ம் என்ற முறையும் வளர்கிறது. அரசு மருத்துவமனையிலேயே காப்பீட்டுக் கவுன்ட்டர் வந்துவிட்டது. நீங்கள் இரவில் பார்க்கிற வேலையின் சிறு பதிப்பு அது. 2023இல் வந்த மத்தியத் தணிக்கைத் துறை அறிக்கையைப் பார்த்திருப்பீர்கள். ஆயுஷ்மான் பாரத் பயனாளிகளில் ஏறக்குறைய 7.5 லட்சம் பேருக்கு ஒரே கைப்பேசி எண் பதிவாகியிருந்தது. பத்து ஒன்பதுகளை வரிசையாகத் தட்டிய எண். ஏற்கெனவே இறந்துவிட்டதாகப் பதிவான 3,446 பேருக்குச் சிகிச்சை அளித்ததாகப் பணம் போயிருந்தது. அங்கே கணினி இருந்தது, ஆதார் இருந்தது, தரவுத்தளம் இருந்தது. கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக எதையாவது தட்டி நிரப்புவதும் இருந்தது. கட்டாயக் கட்டத்தை எப்படி நிரப்புவார்கள் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தனியார் காப்பீட்டிலும் இதே கதைதான். 2023-24இல் உடல்நலக் காப்பீட்டு நிறுவனங்களிடம் வந்த கோரிக்கைத் தொகையில் நூற்றுக்கு 71 ரூபாய் அளவுக்கே அந்த ஆண்டு கொடுக்கப்பட்டது. மீதியில் ஒரு பகுதி நிலுவை, பெரும்பகுதி மறுப்பும் வெட்டும். 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. கேஷ்லெஸ் அனுமதி ஒரு மணி நேரத்தில், டிஸ்சார்ஜ் அனுமதி மூன்று மணி நேரத்தில் வர வேண்டும். நல்ல விதி. ஆனால் அனுமதி வராமல் மாலைவரை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிற குடும்பத்தை நம்மில் யார் பார்க்கவில்லை? எந்த மருத்துவமனையில், எந்த கம்பெனியில் மூன்று மணி நேரம் தாண்டுகிறது என்று எண்ணிப் பொதுமக்கள் பார்க்கும்படி போட வேண்டும். கோரிக்கைகளைக் கொண்டுபோக ஒரு தேசியப் பரிமாற்றத் தளத்தை மத்திய அரசு அமைத்துவருகிறது. ஒரே படிவம், ஒரே வழி என்பது நல்ல தொடக்கம். அதில் முதலில் இருந்தே தாமதத்தையும் மறுப்பையும் அளக்கும் ஏற்பாடு வைப்பார்களா? கிளெய்மில் தவறு செய்யும் மருத்துவமனையைப் பிடிக்க மட்டும் வைப்பார்களா? இப்போது கேட்டால் மாற்றலாம். கோடிக்கணக்கில் கிளெய்ம் ஓடத் தொடங்கிய பிறகு மாற்ற முடியாது. அமெரிக்காவைப் பாருங்கள், இன்னும் ஃபேக்ஸ் அனுப்புகிறார்கள்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நம் குடும்பங்கள் கைக்காசாகச் செய்கிற மருத்துவச் செலவில் பெரும்பங்கு மருந்துக்கும் வெளிநோயாளி சிகிச்சைக்கும்தான் போகிறது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் கைக்காசின் பங்கு 2013-14இல் 64 சதவீதமாக இருந்து 2021-22இல் 39 சதவீதமாகக் குறைந்திருக்கிறது என்று அரசுக் கணக்கு சொல்கிறது. மகிழ்ச்சி. ஆனால் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தினமும் போடுகிற மாத்திரைக்கு எந்தப் பேக்கேஜும் கிடையாது. கிளெய்மைச் சுற்றியே கணினி முறையைக் கட்டினால் அந்த மாத்திரை அதன் கண்ணில் படவே படாது. கால் எடுக்க வேண்டிய நாளில் அந்த நோயாளி ஒரு பேக்கேஜாகத் திடீரென்று தெரிவார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. தன்னார்வலப் பெண் வீட்டுக்கு வந்து சர்க்கரையும் அழுத்தமும் பார்த்து மாத்திரை தருகிறார், விவரத்தைப் பதிகிறார். அந்தப் பதிவிடம் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை பேரைப் பார்த்தோம் என்பதோடு நிற்கக் கூடாது. எத்தனை பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது என்று கேட்க வேண்டும். எண்ணிக்கை டார்கெட் என்ன செய்யும் என்பதும் உங்களுக்குத் தெரிந்த பாடம்தான்.

பாதுகாப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் கிளெய்ம்களைக் கொண்டுசெல்லும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனம் சைபர் தாக்குதலில் முடங்கியபோது உங்களில் பலர் வேலையில்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லாத ஒரே ஒரு நுழைவாயில் வழியாக ஹேக்கர்கள் உள்ளே வந்தார்கள் என்று அதன் தாய் நிறுவனத் தலைவரே அமெரிக்க நாடாளுமன்றத்தில் சொன்னார். ஏறக்குறைய 19 கோடிப் பேரின் விவரம் போனது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் இதேபோல் முடங்கி, ஓ.பி. சீட்டைக் கையால் எழுதினார்கள். இப்போது நமக்கு ஆபா என்ற 14 இலக்க சுகாதார எண் வருகிறது. ஒருவரின் எச்.ஐ.வி. பரிசோதனையும் மனநல மாத்திரையும் கருக்கலைப்பும் அதன் பின்னால் இருக்கலாம். அந்த விவரம் யார் திரையில் திறக்கிறது, யார் திறந்தார்கள் என்று நோயாளிக்குத் தெரிகிறதா என்பதை, ஒவ்வொரு கிளிக்குக்கும் ஆடிட் உள்ள இடத்தில் வேலை பார்க்கிற நீங்கள்தான் அழுத்திக் கேட்க முடியும்.

ஏ.ஐ. வந்து உங்கள் வேலையை எடுத்துவிடும் என்ற பயம் என் வீட்டிலும் இருக்கிறது. கோடிங்கின் எளிய பகுதிகள் போகும் என்றே மகள் சொல்கிறாள். மருத்துவமனை பக்கம் ஒரு இயந்திரம் கோடு போடும், கம்பெனி பக்கம் இன்னொரு இயந்திரம் மறுக்கும். இடையில் நோயாளி எதை எதிர்த்து யாரிடம் பேசுவார்? அந்த நாளில் மறுப்பின் சூட்சுமம் தெரிந்த மனிதர்கள் அவர் பக்கம் நிற்க வேண்டும். உங்கள் அனுபவத்துக்கு மதிப்பு கூடுகிற இடம் அதுவாக இருக்கலாம்.

என்ன செய்யச் சொல்கிறேன்? கம்பெனி ரகசியமோ நோயாளி விவரமோ ஒரு துளியும் வெளியே வர வேண்டாம். அது உங்கள் தொழில் தர்மம், வேலைக்கும் ஆபத்து. முறையைப் பற்றிப் பேசுங்கள். முன் அனுமதி எப்படித் தாமதமாகிறது, கெடு எப்படி ஓர் ஆயுதமாகிறது, குறியீடு கூடக் கூட எப்படித் தகராறும் கூடுகிறது என்று தமிழில் எழுதுங்கள். தேசிய சுகாதார ஆணையம் இந்த டிஜிட்டல் திட்டங்களுக்கு வரைவுகளை வெளியிட்டுக் கருத்து கேட்டிருக்கிறது, இனியும் கேட்கும். அப்போது மென்பொருள் கம்பெனிகளும் மருத்துவமனைச் சங்கங்களும் தவறாமல் எழுதும். ஏ.ஆர். காலர்கள் சிலர் சேர்ந்து நான்கு பக்கம் எழுதினால் அதற்கு இணையான சாட்சியம் வேறு யாரிடமிருந்தும் வராது. அதில் கேளுங்கள்: மறுக்கும் காரணம் நோயாளியின் மொழியில் இருக்க வேண்டும். அந்தக் காரணங்களின் எண்ணிக்கையை மாவட்டவாரியாக, நிறுவனவாரியாக வெளியிட வேண்டும். ஆவணம் குறைந்தால் அதைத் தேடி அலைவது கட்டிலில் இருப்பவரின் வேலையாகக் கூடாது. அரசு ஆஸ்பத்திரியின் அன்றாட மருந்தும் சம்பளமும் எந்நாளும் கிளெய்மை நம்பி நிற்கக் கூடாது.

இன்னொன்று, அரசைக் கேட்காமலே செய்யக்கூடியது. உங்கள் தெருவில், உறவில், யாராவது ஒருவர் கையில் மறுப்புக் கடிதத்தோடு நிற்கிறார். ஆங்கிலத்தில் இரண்டு வரி, கீழே ஒரு கையெழுத்து. அது கடைசி முடிவு என்று நினைத்து அவர் நகையை அடகு வைக்கப் போகிறார். நீங்கள் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவீர்கள்: இது ஆவணக் குறை, டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த ஒரு வரியைச் சேர்த்து வாங்கி அனுப்பினால் போதும், இது பாலிசியின் காத்திருப்புக் காலம், இதில் வாதிட இடமில்லை, இது அநியாயம், குறைதீர் அதிகாரிக்கும் அதன் பிறகு ஆம்புட்ஸ்மேனுக்கும் எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் ஊர் நூலகத்தில் ஒரு மேசை போட நூலகரைக் கேளுங்கள். நான்கு பேர் முறைவைத்து உட்கார்ந்தால் போதும். பில்லையும் பாலிசியையும் எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள், அப்பீல் எழுதிக் கொடுங்கள். மருந்துச் சீட்டோடு வருகிறவர்கள் இருந்தால் என் மாதிரி ஓய்வு பெற்ற மருந்தாளுநர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறோம், எங்களையும் கூப்பிடுங்கள். எந்த மாத்திரை அரசு மருந்தகத்தில் இலவசமாகக் கிடைக்கும், எந்த பிராண்டுக்குப் பதிலாக மலிவான எந்த ஜெனரிக் இருக்கிறது, அதை மாற்றலாமா என்று டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எங்கள் பக்கத்தில் இந்த மேசைக்காக என் மகள் தன் டீமில் பேசிவருகிறாள். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் தூங்கி எழுந்து வர வசதியாகப் பதினொரு மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது அவள் யோசனை.

அன்புடன்,
ஓய்வு பெற்ற அரசு மருந்தாளுநர் ஒருவர்